விளையாட்டுக்கு ஒத்திகை பார்த்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் என்று ஆரம்பிக்காவிட்டால் நம் ஊர் விலங்குகள் வாயைத் திறக்காது. ஆகவே, ஒரு காட்டில், ஒரு நாவல் மரத்தடியில், ஒரு முள்ளம்பன்றி பால்வாடி நடத்திக்கொண்டிருந்தது. பெயர் தங்கபுஷ்பம். டீச்சர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், வெறும் தங்கபுஷ்பம் என்று கூப்பிட்டால் முறைக்கும். அதனால் நாமும் டீச்சர் என்றே மரியாதையாகச் சொல்லிவிடுவோம். முள் இருக்கிறவர்களோடு நமக்கென்ன வம்பு?

சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயும் போயும் முள்ளம்பன்றியையா போடுவார்கள் என்று கேட்பீர்கள். காட்டில் எல்லாரும் கேட்டதுதான். வேலைக்கு ஆள் எடுத்த அன்றைக்கு வரிசையில் முதலில் நின்றது ஒரு சிறுத்தை. "குழந்தைகள் என்றால் பிடிக்குமா?" என்று கேட்டதற்கு, "ரொம்ப" என்று சொல்லி உதட்டை நக்கியது. அடுத்து நின்றவர் நம் டீச்சர். வேறு யாரும் வரிசையில் இல்லை. இப்படித்தான் அவருக்கு வேலை கிடைத்தது. இதை அவரே சிரித்துக்கொண்டு எல்லாரிடமும் சொல்வார், அப்புறம் ஏன் சொன்னோம் என்று வருத்தப்படுவார்.

வேலையில் சேர்ந்ததும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு மயில் தோகையை விரித்து வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தது. "இந்த வயசுல பிள்ளைங்க விளையாடுறதுதான் படிப்பு. நீங்க குறுக்கே போகாம இருக்கிறதுதான் சொல்லிக்கொடுக்கிறது" என்றது. டீச்சருக்கு இது ரொம்பவே பிடித்துப்போனது. குறுக்கே போகாமல் ஓரமாக நிற்பது முள்ளம்பன்றிக்குப் பிறவியிலேயே வந்த வித்தை. பிள்ளைகளை வாரி அணைக்கவும் வழியில்லை, ஒரு அடி தள்ளி நின்று பார்ப்பதுதான் அவர் பாசம் காட்டும் முறை.

பால்வாடி நன்றாகவே நடந்தது. காட்டுப்பன்றிக் குட்டி உப்பிலி காலை முழுக்கச் சேற்றில் புரளும். முயல்குட்டி பூவாத்தா சருகைக் குவித்து வீடு கட்டும், வீட்டுக்குள் யாராவது வந்தால் கடிக்கும். மந்திக்குட்டி சொக்கி மரத்தில் தொங்கிக்கொண்டு, போகிற வருகிறவர்கள் நடையையெல்லாம் நடந்து காட்டும். மற்றதுகள் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கும். மத்தியானம் ஆயா சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுப்பாள். ஆயா ஒரு ஆமை, பெயர் பேச்சியம்மா. சாப்பாட்டு நேரத்துக்கு உருண்டை வந்து சேர வேண்டும் என்றால் விடிந்ததும் அடுப்பங்கரையிலிருந்து கிளம்பிவிடுவாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் டீச்சரின் போனில் டிங் என்றது. மலை மேல் இருக்கும் ஆபீஸின் குரூப். ஏதோ பெரிய செய்தி வந்திருந்தது. அதற்குக் கீழே காட்டில் உள்ள எல்லா டீச்சர்களும் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். நம் டீச்சரும் ஒரு கும்பிடு போட்டார். அப்புறம்தான் செய்தியைப் படித்தார்.

'எல்லாப் பால்வாடிகளிலும் அடுத்த வாரம் ஆய்வு. குழந்தைகள் சுயமாகவும் இயல்பாகவும் மகிழ்ச்சியாகவும் விளையாடுவது கண்ணால் காணப்பட வேண்டும். காணப்படாத பால்வாடிகள் மூடப்பட்டு, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பால்வாடியோடு இணைக்கப்படும்.'

 டீச்சரின் முதுகு முள் அத்தனையும் குத்திட்டு நின்றது.

விஷயம் பரவி, பூவாத்தாவின் அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "டீச்சர், அக்கரைக்கெல்லாம் எம் புள்ளைய அனுப்ப முடியாது. ஆத்துல கிடக்கே அந்த முதலை, அது சின்னப் புள்ளைங்களைக் கண்டாலே வாயெல்லாம் பல்லா நிக்குது. வளையிலேயே விட்டுட்டுப் போனா பாம்பு வரும். கூடக் கூட்டிட்டுப் போனா என்னை ஒரு வாய் மேய விடாது. நீங்க இந்த இடத்தை மட்டும் எப்படியாச்சும் காப்பாத்திக் குடுத்துருங்க."

"ஏன் கவலைப்படுறே? நம்ம பிள்ளைங்க விளையாடத்தானே செய்யுது, வந்து பார்த்துட்டுப் போகட்டும்" என்றார் டீச்சர். சொன்னாரே தவிர மனசு கேட்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு யானை பால்வாடியைப் பார்க்க வந்திருந்தது. அதைப் பார்த்ததும் பிள்ளைகள் அத்தனையும் அசையாமல் நின்றுவிட்டன. உப்பிலி நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. "இந்தப் பிள்ளைகள் விளையாடவே விளையாடாதா?" என்று யானை பரிதாபமாகக் கேட்டுவிட்டுப் போனது. அதே கூத்து இப்போதும் நடந்தால் பால்வாடி போச்சு, பிள்ளைகள் முதலை வாசலில்.

அன்றைக்கு மத்தியானம் பிள்ளைகள் தூங்கும்போது டீச்சருக்கு ஒரு யோசனை உதித்தது. நீங்களும் நானுமாக இருந்தால் இப்படி ஒரு யோசனை உதிக்காது. குழந்தைகளோடு வேலை செய்து, மேலே இருப்பவர்களுக்குக் கணக்கும் காட்டிப் பழகியவர்களுக்கு மட்டும்தான் உதிக்கும். சுதந்திரமாக விளையாடுவதற்கு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை பிள்ளைகளை வட்டமாக நிறுத்தினார்.

"உப்பிலி, நீ அந்தக் கல்லை உருட்டு. உருட்டிட்டு, 'ஐ, உருளுதே'ன்னு ஆச்சரியப்படணும். பூவாத்தா, நீ வீடு கட்டு. கடிக்கக் கூடாது. சண்டை மட்டும் போடு. சண்டை போட்டுட்டு நீங்களாவே சமாதானம் ஆயிடணும், நான் தலையிட மாட்டேன். சொக்கி, நீ நடுவுல ஓடி வந்து என்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். நிலா ஏன் கூடவே வருதுன்னு கேளு."

"எனக்குத்தான் அது தெரியுமே டீச்சர். நம்ம மேல பாசம்" என்றது சொக்கி.

"தெரிஞ்சாலும் கேளு!"

உப்பிலி கல்லை உருட்டியது. டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். "என்னடா இது, சொன்னதுக்காக உருட்டுற மாதிரி இருக்கு? இன்னும் சுதந்திரமா உருட்டு."

உப்பிலி சுதந்திரமாக உருட்டியது. கல் போய் ஆயாவின் ஓட்டில் மோதியது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன.

"இதான், இந்தச் சிரிப்புதான் வேணும்! ஆனா இப்ப இல்ல, கல்லு உருண்ட பிறகு. நான் கையை ஒரு தட்டுத் தட்டுவேன், உடனே தானா சிரிப்பு வந்துரணும். எங்கே, தட்டுறேன், தானா வரட்டும்."

தட்டினார். ஒரு பக்கமாக இளித்துக்கொண்டு ஹிஹி என்றன பிள்ளைகள். "போன தடவை வந்த அளவுக்கு வரல" என்று மறுபடி தட்டினார். வரவில்லை.

ஆயாவுக்கும் ஆசை வந்துவிட்டது. "டீச்சர், நான் எப்ப இயல்பா நடந்து வரணும்? இப்பவே சொல்லிட்டீங்கன்னா கிளம்பிருவேன்."

வாரம் முழுக்க இதே ஒத்திகைதான். பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது டீச்சர் தனக்குத்தானே பேசிக்கொண்டு போவார். "அடியே தங்கபுஷ்பம், ஓரமா நில்லுன்னு ஒரே ஒரு வேலை சொன்னாங்க. அதையும் கோட்டை விட்டியே. உனக்கு மூளை இருக்கா, இல்ல அந்த இடத்துலயும் முள்ளுதானா?" நன்றாகத் திட்டிக்கொள்வார். மறுநாள் காலையில் வந்து மறுபடி தட்டுவார்.

ஆய்வு நாள் வந்தது. மலை மேலிருந்து இறங்கி வந்தவர் ஒரு வரையாடு. வளைந்த கொம்பு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட். எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருப்பார். மெல்லும்போது பேச மாட்டார், பேசும்போது மெல்ல மாட்டார் என்பதால் ஒரு வாக்கியம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"ம். ஆரம்பிக்கலாம்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் மென்றார். "ஆனா டீச்சர், நீங்க இங்க இருக்கக் கூடாது. டீச்சரைப் பார்த்தா பிள்ளைங்க இயல்பா இருக்காது. அந்த மரத்துக்குப் பின்னால போயிடுங்க. சத்தமே வரக் கூடாது."

டீச்சருக்குத் தலையில் இடி விழுந்தது. தட்டுவதற்குத்தானே அவர் அங்கே நிற்க வேண்டும்? வேறு வழியில்லாமல் நாவல் மரத்துக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டார்.

பிள்ளைகள் இருந்த பக்கம் ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் தட்டுச் சத்தத்துக்காகக் காதைத் தூக்கிக்கொண்டு நின்றன. உப்பிலி கல்லைத் தொட்டபடி நின்றது. வரையாடு மென்றார். பூவாத்தா முகம் கோணியது, அழப் போகிறது என்று தெரிந்தது. 'முடிஞ்சது கதை. நானே என் கையால பால்வாடிய மூடிட்டேன். பிள்ளைங்களை ஆத்துல இறக்கிவிட்டதும் நான்தான்' என்று டீச்சருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது சொக்கிக்கு நின்று நின்று கால் கடுத்துவிட்டது. அடுப்பங்கரைக்கு ஓடிப் போய் ஒரு கைப்பிடி ஈர்க்குச்சியை அள்ளி வந்து முதுகில் செருகிக்கொண்டது. பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடந்து வந்து, கீச்சுக்குரலில் கத்தியது: "உப்பிலி! என்னடா இது, சொன்னதுக்காக உருட்டுற மாதிரி இருக்கு? இன்னும் சுதந்திரமா உருட்டு!"

மரத்துக்குப் பின்னால் டீச்சரின் முள் விறைத்தது.

"சிரிப்பு தானா வரணும்! நான் தட்டினதும் தானா வரணும்! எங்கே?" என்று சொக்கி தட்டியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. உப்பிலிக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. ரெண்டு வளைந்த குச்சியைத் தலையில் வைத்துக்கொண்டு, வாய் நிறையப் புல்லைத் திணித்து மென்றபடி, "ம். டீச்சர். மறைஞ்சு. போங்க" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாய் மென்றது. பூவாத்தா முதுகில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு, "நான் இயல்பா வந்துக்கிட்டே இருக்கேன்" என்று அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது.

டீச்சருக்கு மானம் போனது. ஆனால் ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும்: அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 'இந்தக் குரல் என் குரல்தான். இந்த ஆட்டமும் என் ஆட்டம்தான். இவ்வளவு கேவலமாவா நடக்கிறேன்?' என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். குலுங்கியதில் முள்ளெல்லாம் கலகலவென்று சத்தம் போட்டது. வரையாடு திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர். வாங்க இப்படி."

டீச்சர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு காலில் விழுந்தாவது பால்வாடியைக் காப்பாற்றிவிட வேண்டும் என்பதுதான் எண்ணம். "சார், வந்து, இது நான்தான் சார், பிள்ளைங்க மேல தப்பு இல்ல..."

"அபாரம்!" என்றார் வரையாடு. வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கினார். "நடிப்பு விளையாட்டு! பிள்ளைகளே கதை கட்டி, பிள்ளைகளே வேஷம் போட்டு, பிள்ளைகளே வசனம் பேசி! மலை மேல இதைப் பத்தி பக்கம் பக்கமா எழுதிட்டோம். எந்தக் காட்டுலயும் கண்ணால பார்த்ததில்ல. யாரு சொல்லிக்குடுத்தது?"

"நான் எதுவும் சொல்லிக்குடுக்கல சார்" என்றார் டீச்சர். அந்த வாரம் முழுக்க அவர் பேசிய ஒரே உண்மை அதுதான்.

"என்ன ஒரு அடக்கம்!" என்று வரையாடு டேப்லெட்டில் தட்டினார். "அந்தப் பன்னிக்குட்டி ரொம்ப அசல். மென்னு மென்னு பேசுச்சே, எங்க மேலதிகாரி அப்படியேதான் பேசுவார்."

பால்வாடி தப்பித்தது. தப்பித்தது மட்டுமா, 'மாதிரிப் பால்வாடி' என்று பலகையே மாட்டிவிட்டார்கள். பூவாத்தாவின் அம்மா டீச்சரைக் கட்டிப்பிடிக்கப் போய், நல்லவேளை, ஞாபகம் வந்து நின்றுவிட்டாள். அழுதுகொண்டே தூரத்திலிருந்து கும்பிட்டாள். டீச்சருக்கும் கண் கலங்கியது. இங்கேயே கதையை முடித்துவிட்டால் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் மாதிரி என்று பெயர் வாங்கிவிட்டால் அப்புறம் சும்மா விடுவார்களா?

பார்வையிட ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பக்கத்துக் காட்டிலிருந்து மிளா மான் வந்தது, சதுப்புநிலத்திலிருந்து நாரைகள் கும்பலாக வந்தன. எல்லாருக்கும் அதே விளையாட்டைப் பார்க்க வேண்டும். "அந்த மந்தி முதுகுல குச்சி வச்சுக்கிட்டு டீச்சரைக் கிண்டல் பண்ணுமாமே, அதைக் காட்டுங்க" என்பார்கள். போன் தூக்கிப் படம் எடுப்பார்கள்.

டீச்சர் மறுபடி ஒத்திகையில் இறங்கினார். வேறு என்ன செய்வார்? விளையாட்டு நின்றால் பலகை போகும், பலகை போனால் பால்வாடி போகும்.

"சொக்கி, அன்னைக்கு என்னை இதைவிட நல்லாக் கிண்டல் பண்ணினியே! பின்பக்கத்தை இன்னும் கேவலமா ஆட்டு. எங்கே, இதோ பாரு, நானே ஆடிக் காட்டுறேன்."

ஆடியும் காட்டினார். தன்னைக் கிண்டல் செய்யத் தானே பயிற்சி கொடுத்த டீச்சர் அந்தக் காட்டிலேயே இவர் ஒருத்தர்தான். சொக்கி வெறித்துப் பார்த்தது. "டீச்சர், எனக்கு வயிறு வலிக்குது" என்றது. முந்தி சிரித்துச் சிரித்து வலித்த வயிறு, இப்போது சும்மாவே வலித்தது.

கொஞ்ச நாளில் மலை மேலிருந்து குரூப்பில் இன்னொரு செய்தி வந்தது. எல்லாப் பால்வாடிகளிலும் இதே நடிப்பு விளையாட்டு நடத்தப்பட வேண்டுமாம். எல்லாரும் கும்பிடு போட்டார்கள். அன்றிலிருந்து காடு முழுக்கப் பிள்ளைகள் முதுகில் ஈர்க்குச்சி செருகிக்கொண்டு, பின்பக்கத்தை ஆட்டி, "தானா வரணும்!" என்று கத்தின. சதுப்புநிலத்தில் கொக்குதான் டீச்சர். அங்கே இருந்த பிள்ளைகள் முள்ளம்பன்றியைக் கனவில்கூடக் கண்டதில்லை. அதுகளும் கத்தின.

ஒரு நாள் பார்வையிட யாரும் வரவில்லை. டீச்சருக்கு அப்பாடா என்றிருந்தது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இன்னைக்கு ஒருத்தரும் வரல. தட்டவும் மாட்டேன், பார்க்கவும் மாட்டேன். போய் உங்க இஷ்டத்துக்கு இருங்க" என்றார். சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு மரத்தடியில் சாய்ந்தார். சேற்றில் புரளும் சத்தம் கேட்கும், சண்டைச் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பயந்துபோய் எழுந்து தேடினார்.

பிள்ளைகள் பாறைக்குப் பின்னால் இருந்தன. வரிசையாக உட்கார்ந்திருந்தன. முன்னால் சொக்கி மண்ணில் ஒரு 'அ' போட்டிருந்தது. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகும் அண்ணனைப் பார்த்துத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டு வந்ததாம். மற்றதுகள் நாக்கைத் துருத்திக்கொண்டு, கண் மின்ன, அதை மண்ணில் எழுதிக்கொண்டிருந்தன. உப்பிலி எழுதியது கோணலாக இருந்ததால் பூவாத்தா அதன் மூக்கைக் கிள்ளியது. ரெண்டும் கமுக்கமாகச் சிரித்துக்கொண்டன. எவ்வளவு காலம் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

டீச்சரின் நிழல் விழுந்ததும் சொக்கி பாய்ந்து வாலால் எழுத்தை அழித்தது. "டீச்சர், நாங்க ஒண்ணும் படிக்கல டீச்சர்! சத்தியமா விளையாடிக்கிட்டுத்தான் இருந்தோம்!"

பூவாத்தா விசும்ப ஆரம்பித்தது. "டீச்சர், ஆபீஸ்ல சொல்லிராதீங்க டீச்சர். கொஞ்ச நேரம் மட்டும் படிச்சிக்கிறோம். அப்புறம் சொன்னபடி விளையாடிடுறோம்."

டீச்சர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தைகள் ஓடி ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இந்த வேலைக்கே வந்தார். ஆட்டத்தையே அதுகளுக்கு வேப்பங்காயாக்கிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். அதே நேரத்தில் அழியாமல் மிஞ்சியிருந்த உப்பிலியின் கோணல் 'அ'வைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. எந்தப் பக்கம் அழுவது என்று அவருக்கே விளங்கவில்லை.

அப்போது சரிவில் குளம்புச் சத்தம். வரையாடு, மூணு பெரிய அதிகாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

டீச்சர் எழுந்தார். பிள்ளைகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க படிங்க. நான் போய்ப் பேச்சுக் கொடுத்துக் கொஞ்ச நேரம் தாக்காட்டுறேன். நான் இருமினா மட்டும் அழிச்சுட்டு விளையாடுற மாதிரி நடிங்க" என்றார். சொல்லிவிட்டுப் பாறையைச் சுற்றி வேகமாக நடந்தார்.

பின்னால், சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே, பிள்ளைகள் 'ஆ' போட ஆரம்பித்தன.

நீதி: பிள்ளைகள் ஆசையாகப் படிக்க வேண்டுமா? விளையாட்டைப் பாடத்திட்டத்தில் சேர்த்து, ஆய்வுக்கு ஆள் அனுப்புங்கள். மீதியை அதுகளே திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்ளும்.